யாரோ நினைக்கிறாங்க!

(தலைப்பு: முதுமைக்குப் பெரிதும் வேண்டுவது ஓய்வா? பயிற்சியா? தஞ்சையில் நடந்த பொங்கல் சிறப்புப் பட்டிமன்றத்தில் ‘பயிற்சியே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! ‘ஓய்வு, ஓய்வு’ என்று ஓயாமல் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) தஞ்சைத் தரணியின் பெரியோர்களே, தாய்மார்களே! 

பொங்கலுக்குக் கரும்பு தின்றீர்களா? கடித்துத் தின்றவர்கள் மட்டும் கை தூக்குங்கள் பார்ப்போம். பின்னாலே பூரா கை. நடுவிலே பாதிக் கை. முன் வரிசையிலே ஒரு கையைக் காணோமே! (சிரிப்பு) முன் வரிசையிலே இருக்கிறவர்கள் எல்லாம் அறுபது தாண்டியவர்கள். ‘பேரன் ஜூஸ் போட்டுக் கொடுத்தான்’ என்று ஒரு ஐயா சொல்கிறார். கரும்புக்கு நடுவர் கை தூக்குகிறாரா என்று பார்த்தேன். மேஜைக்குக் கீழே இருக்கிறது கை. (பலத்த சிரிப்பு)

எனக்கு முன்னால் எங்கள் அணியிலே பேசியவர்கள் நடைப்பயிற்சியைச் சொன்னார்கள். மூச்சுப் பயிற்சியைச் சொன்னார்கள். கால், கை, இடுப்பு, முதுகு எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டு எனக்கு மிச்சம் வைத்தது ஒன்றே ஒன்று. வாய்!

நடுவர்: அம்மா, உங்களுக்கு அதிலே பயிற்சி வேற வேணுமா? (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா, பள்ளிக்கூடத்திலே முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்த வாய் இது. எனக்கு வேண்டாம். நான் கேட்பது இல்லத்திலே படுத்திருக்கிறவர்களுக்கு.

எதிரணி நண்பர் ஒருவர் கிண்டலாகக் கேட்டார். ‘எங்க வீட்டுப் பாட்டி ஊரையே வாயிலே போட்டு மெல்லுது. அதுக்குப் போய் வாய்க்குப் பயிற்சியா?’ என்று. நியாயமான கேள்வி. திண்ணையிலே உட்கார்ந்து ஊரை மெல்லுகிற பாட்டிக்குப் பயிற்சி வேண்டாம். அவருக்கு அதுவே பயிற்சி. ஆனால் அந்தத் திண்ணை இப்போது எங்கே இருக்கிறது? திண்ணையிலிருந்து தூக்கிக்கொண்டு போய் நாலு சுவருக்குள்ளே, பன்னிரண்டு கட்டிலிலே ஒரு கட்டிலாகப் போட்டுவிட்டோமே, அந்தப் பாட்டி எதை மெல்லுவார்?

என் அத்தை கதையைச் சொல்கிறேன். கதை இல்லை, நடந்தது.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவர். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். நடவுக்கு அத்தை போனால் இருபது பெண்கள் பின்னாலே போவார்கள். பாட்டு எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தான். முதல் நாத்து முடியைக் கையிலே வாங்கிக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு ஒரு குலவை போடுவார் பாருங்கள், பக்கத்து ஊர் மடையிலே நிற்கிற கொக்கு எழுந்து பறக்கும்!

அப்படிப்பட்டவருக்கு 2016-இல் வலது பக்கம் வாதம் விழுந்தது. மகன் திருப்பூரிலே பனியன் கம்பெனியிலே. மருமகளும் வேலைக்குப் போகிறவள். நான் பள்ளிக்கூடத்திலே. யார் பார்ப்பது? ஒரு இல்லத்திலே சேர்த்தோம். பெயர் வேண்டாம். கையெழுத்துப் போட்டுச் சேர்த்தவள் நான்தான். அதனாலே மகன்களை மட்டும் திட்டுவேன் என்று யாரும் பயப்பட வேண்டாம். (சிரிப்பு)

இல்லத்தைக் குறை சொல்ல முடியாது. வெள்ளை விரிப்பு. தலைக்கு மேலே மின்விசிறி. மணி அடித்தால் சாப்பாடு. சாப்பிட்டால் படுக்கை. எதிரணி கேட்கிற ஓய்வு அத்தனையும் அங்கே கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்திலே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அத்தை பேசியது பதினொரு வார்த்தை. அதிலே ஆறு ‘ம்’.

மத்தியானம் ரசஞ்சாதம் ஊட்டினார்கள். மூன்றாவது வாயிலே புரை ஏறிவிட்டது. ஊட்டுகிற ஆயாம்மா தலையைத் தட்டிவிட்டு, ‘பாட்டி, உன் மகன் நினைக்கிறான்’ என்றார். அத்தை முகத்திலே ஒரு சிரிப்பு. பாதி முகத்திலே. மறு பாதிதான் அசையாதே. எனக்கும் மனசுக்கு இதமாக இருந்தது. அடுத்த வாரம் போனேன். சாம்பாருக்கும் புரை ஏறியது. காப்பிக்கும் ஏறியது. வெறும் தண்ணிக்கும் ஏறியது. அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையன் ஒரு நாளைக்கு இருபது தடவை நினைக்கிறானே!

நான் அவனுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: ‘நினைக்கத்தான் செய்றேன். ஆனா அத்தனை தடவை நினைக்கலையே...’

(சபையில் அமைதி)

நம்ம ஊரிலே இது எத்தனை நாள் பழக்கம்! புரை ஏறினால் யாரோ நினைக்கிறாங்க. அழகான நம்பிக்கை. நான் அதைக் கேலி செய்ய வரவில்லை. ஆனால் வயதானவருக்குத் தினந்தோறும் புரை ஏறினால், அங்கே யாரோ நினைக்கிறார்கள் என்று நாம் சும்மா இருக்கக் கூடாது. நாம்தான் நினைக்க வேண்டும்!

பிறகு ஒரு நாள் ஆயாம்மாவே சந்தோஷமாகச் சொன்னார். ‘டீச்சர், இப்பல்லாம் பாட்டிக்குப் புரையே ஏறுறதில்லைங்க.’ நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். பத்தாவது நாள் காய்ச்சல். மூச்சு இரைப்பு. ஆஸ்பத்திரியிலே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வலது நுரையீரலிலே நிமோனியா. டாக்டர் கேட்டார்: ‘சாப்பிடும்போது இருமல் வருமா?’ ‘வந்துகிட்டிருந்தது, இப்ப நின்னுடுச்சு டாக்டர்’ என்றேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் காதிலே இருக்கிறது. ‘இருமல் நின்னது நல்லதுக்கு இல்லம்மா. காவக்காரன் தூங்கிட்டான்.’

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தஞ்சாவூர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். கல்லணையைப் பார்த்தவர்கள்தானே எல்லாரும்? வருகிற தண்ணீரை இது காவிரிக்கு, இது வெண்ணாற்றுக்கு, இது புது ஆற்றுக்கு என்று ஷட்டர் வைத்துப் பிரிக்கிறோம். மிஞ்சினால் கொள்ளிடம். நம்ம தொண்டையும் ஒரு கல்லணைதான். காற்று போகிற வழி முன்னாலே. சோறு போகிற வழி பின்னாலே. இரண்டுக்கும் வாசல் ஒன்று. சோறு வருகிற அந்த ஒரு நொடியிலே குரல்வளை மேலே ஏற வேண்டும், அதன் மூடி சாய வேண்டும், மூச்சு நிற்க வேண்டும், சோறு பின்பக்கம் இறங்க வேண்டும், உடனே மறுபடி மூச்சு வர வேண்டும். இருபத்தைந்து ஜோடித் தசைகளுக்கு மேல் சேர்ந்து செய்கிற வேலை இது. எச்சிலையும் சேர்த்தால் நாளைக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் விழுங்குகிறோம். சம்பளம் இல்லை, லீவு இல்லை, சங்கம் இல்லை! (சிரிப்பு)

ஷட்டர் துருப்பிடித்தால் என்ன ஆகும்? கொள்ளிடத்திலே போக வேண்டிய தண்ணி ஊருக்குள்ளே வரும். தொண்டைத் தசையும் நாக்கும் தளர்ந்தால் வயிற்றுக்குப் போக வேண்டிய சோறும் தண்ணியும் எச்சிலும் நுரையீரலுக்குப் போகும். அதோடு வாயிலே உள்ள கிருமியும் கூடப் போகும். அங்கே போய் நிமோனியாவாக உட்காரும். புரை ஏறுவது, இருமுவது, தப்பான வழியிலே போனதை வெளியே தள்ளுகிற காவல். அந்த உணர்ச்சியும் மரத்துப் போனால் சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கும். நாம் ‘அப்பாடா, இருமல் நின்னுடுச்சு’ என்று சந்தோஷப்படுவோம்.

எதிரணி நண்பர்களே! மேட்டூரைத் திறக்க ஜூன் 12 என்று தேதி வைத்திருக்கிறோம். அதற்கு முன்னாலே வாய்க்கால் தூர் வார வேண்டும், ஷட்டருக்குக் கிரீஸ் போட வேண்டும் என்று சண்டை போடுகிறோமா இல்லையா? ‘பாவம், ஷட்டர் எத்தனை வருஷமா உழைச்சுது, ஓய்வு எடுக்கட்டும்’ என்று யாராவது விட்டுவிடுகிறோமா? (பலத்த கைதட்டல்) வாய்க்காலுக்கு உள்ள அக்கறை வாய்க்கு இல்லையே!

நடுவர்: அடடா! வாய்க்காலிலிருந்து வாயைப் பிரிச்சுட்டாங்களே, எதிரணி குறிச்சுக்குங்க!

ஆஸ்பத்திரியிலே அத்தை பிழைத்தார். ஸ்பீச் தெரபிஸ்ட் என்று ஒரு சின்னப் பெண்ணை அனுப்பினார்கள். பேச்சுக்கு மட்டும் இல்லை, விழுங்குவதற்கும் பயிற்சி கொடுப்பது அவர்கள் வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பெண் வந்து, ‘பாட்டி, நாக்கை நீட்டுங்க’ என்றாள். அத்தை வாயை இறுக்க மூடிக்கொண்டார். ‘கன்னத்தை உப்புங்க பாட்டி.’ முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று நாள் இப்படியே போயிற்று. அந்தப் பெண் அழாத குறை.

தப்பு யார் மேலும் இல்லை. எழுபத்தெட்டு வயசுக்காரியைப் பார்த்து நாக்கை நீட்டு என்றால் எப்படி நீட்டுவார்? எங்கள் ஊரிலே நாக்கை நீட்டினால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று பரிகாசம். இன்னொன்று காளி. (சிரிப்பு)

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. காதுக்குப் பக்கத்திலே குனிந்து சொன்னேன்: ‘அத்தே, நாத்து முடி வந்திருச்சு. ஆளுங்கல்லாம் வரப்பிலே நிக்குறாங்க. ஒரு குலவை போடு.’ அத்தை என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. எச்சில் ஓரத்திலே வழிந்தது. இடது கையாலே முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி முயற்சி செய்தார். நாக்கு ஒரு பக்கம் மட்டும் ஒருமுறை போய் வந்தது. அவ்வளவுதான். அந்தப் பெண் துள்ளிக் குதித்தாள். ‘மேடம், இதைத்தான் மூணு நாளா நான் கேக்குறேன்! நாக்கு ரெண்டு பக்கமும் வேகமாப் போகணும்!’

தாய்மார்களே, குலவை போடத் தெரிந்தவர்கள் இந்தச் சபையிலே எத்தனை பேர் இருப்பீர்கள்! இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் நாக்கு பறக்கிறதே, அது சாமிக்கு மட்டும் போட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நாக்குக்கும் போட்டது. எங்கே, ஒரு தடவை போடுங்கள் கேட்போம்!

(பெண்கள் பகுதியில் குலவை. நீண்ட கைதட்டல்)

நடுவர்: கொக்கெல்லாம் பறந்திருக்கும்!

இந்த விஷயத்திலே ஜப்பான்காரர்கள் நமக்கு ரொம்ப முன்னாலே போய்விட்டார்கள். கிழவர்கள் அதிகம் உள்ள தேசம். எண்பது வயதிலே இருபது சொந்தப் பல் இருக்க வேண்டும் என்று 1989-இலேயே இயக்கம் தொடங்கினார்கள். அங்கே முதியோர் இல்லங்களிலே சாப்பாட்டுக்கு முன்னாலே வாய்ப் பயிற்சி நடக்கும். ‘கென்கோ’ என்றால் அவர்கள் பாஷையிலே ஆரோக்கியம். அதை எழுதும்போது ஒரு எழுத்தை மாற்றி, ‘கோ’ என்ற இடத்திலே வாய் என்று பொருள்படும் எழுத்தைப் போட்டு, அதே உச்சரிப்பிலே வாய் ஆரோக்கியப் பயிற்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிலேடை நமக்கு மட்டும் சொந்தமில்லை.

அதிலே முக்கியமான பயிற்சி ‘ப, த, க, ர’. ப சொன்னால் உதடு மூடும். உதடு மூடாவிட்டால் சோறு வெளியே வழியும். த சொன்னால் நாக்கின் முன்பக்கம் பல்லிலே போய் இடிக்கும். சோற்றைப் பின்னாலே தள்ளுகிற வேலை அங்கேதான் தொடங்குகிறது. க சொன்னால் நாக்கின் அடிப்பக்கம் எழும்பி அண்ணத்தை அடைக்கும். ர சொன்னால் நாக்கு நுனி மேலே வளையும். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப வேகமாகச் சொல்லச் சொல்லி எண்ணுகிறார்கள். நொடிக்கு 6 தடவைக்குக் குறைந்தால் வாய் தளர்கிறது என்று கணக்கு. நடுவர் ஐயா, நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்.

நடுவர்: பபபபப... பப்... (சிரிப்பு) போதும்மா, தீர்ப்புச் சொல்ல வாய் வேணும்!

இந்த நாலு எழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமும் வந்தது, பெருமையும் வந்தது. முப்பத்திரண்டு வருஷம் தமிழ் நடத்தியிருக்கிறேனே! தொல்காப்பியத்திலே எழுத்ததிகாரத்திலே பிறப்பியல் என்று ஒரு இயல். எந்த எழுத்து வாயிலே எங்கே பிறக்கிறது என்று வரிசையாகச் சொல்கிற பகுதி. உதடு சேர்ந்தால் பவும் மவும். நாக்கு பரந்து பல்லின் அடியைத் தொட்டால் தவும் நவும். அடிநாக்கு அண்ணத்தைத் தொட்டால் கவும் ஙவும். நுனி வளைந்து அண்ணத்தைத் தடவினால் ரவும் ழவும். ஜப்பான்காரர் நாலும் அப்படியே இருக்கிறது! நாம் அதைப் பரீட்சையிலே ஐந்து மார்க்குக்கு வைத்தோம். அவர்கள் அடுப்பங்கரையிலே சோறு இறங்குவதற்கு வைத்துக்கொண்டார்கள். (கைதட்டல்)

இன்னொன்று. குறளிலே துறவு அதிகாரத்து முதல் குறளைச் சொல்லிப் பாருங்கள், 341-ஆவது குறள். உதடு ஒட்டவே ஒட்டாது. அதைப் படித்தவர்கள் மேடையிலே வேடிக்கையாகச் சொல்வார்கள். நான் இல்லத்திலே அதை நாக்குப் பயிற்சியாகச் சொல்ல வைத்தேன்.

எப்படிச் சொல்ல வைத்தேன் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அத்தையை மறுபடி அதே இல்லத்துக்குத்தான் கொண்டுபோனோம். அதே பெண் வந்து ஆயாம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். மத்தியானம் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. பன்னிரண்டு இருபதுக்கு எல்லாரையும் நிமிர்த்தி உட்கார வைப்பது. கழுத்தை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புவது. தோளை ஏற்றி இறக்குவது. கன்னத்தை உப்பி, காற்றை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளுவது. உதட்டைக் குவித்து ‘ஊ’, இழுத்து ‘ஈ’. நாக்காலே உள்ளிருந்து கன்னத்தைக் குத்துவது, வெளியிலே விரலாலே தடுப்பது. காதுக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் விரலால் மெல்ல நீவிவிட்டால் எச்சில் ஊறும். கடைசியிலே வெறும் எச்சிலை ஒருமுறை அழுத்தி விழுங்குவது. மொத்தம் ஐந்தே நிமிஷம். காசு கிடையாது.

முதல் நாள் யாரும் செய்யவில்லை. கைக்குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வருமா வராதா? அங்கே ஒரு பெரியவர் இருந்தார். தவில்காரர். கோயில் கோயிலாக வாசித்தவர். விரல் எல்லாம் முடங்கிப்போய் ஜன்னல் பக்கக் கட்டிலிலே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவரிடம் போய், ‘ஐயா, தவிலைக் கையாலே வாசிக்கிறதுக்கு முன்னாலே வாயாலே பாடம் பண்ணுவீங்களாமே?’ என்றேன். எழுந்து உட்கார்ந்துவிட்டார். ‘தகதிமி தகஜொணு’ என்று ஆரம்பித்தார். த, க, த, க என்று நாக்கு முன்னாலேயும் பின்னாலேயும் ஓடுகிறது. ஸ்பீச் தெரபிஸ்ட் பெண் என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். கொன்னக்கோலுக்கே பேர் போன பக்கிரியா பிள்ளையின் ஊரான மன்னார்குடிக்காரி நான், எனக்குத் தோன்றாமல் போயிற்றே!

அதற்குப் பிறகு மத்தியானப் பயிற்சிக்கு அவர்தான் வாத்தியார். அவர் சொல்வார், பன்னிரண்டு கட்டிலும் திருப்பிச் சொல்லும். தப்பாகச் சொன்னால் திட்டுவார். திட்டுகிறவர் வாய்க்கும் பயிற்சி. (சிரிப்பு) அவர் முடித்ததும் பெண்கள் பக்கம் குலவை. ஒரு வாரத்திலே நிர்வாகி வந்தார். ‘டீச்சர், இது அமைதியான இல்லம்னு பேர் வாங்கினது. இப்படிச் சத்தம் போட்டா எப்படி?’ என்றார். நான் பதில் சொல்வதற்குள்ளே தவில்காரர் சொன்னார்: ‘தம்பி, முழு அமைதி வேணும்னா அதுக்கு ஊருக்கு வெளியே தனி இடம் இருக்கு. நாங்க அங்கே போறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்.’ (நீண்ட கைதட்டல்)

எதிரணிக்கு ஒரு சந்தேகம் வரும். இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று. ஜப்பானிலே பதினொரு முதியோர் இல்லங்களிலே இரண்டு வருஷம் பார்த்த ஆராய்ச்சி, 1999-இல் லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகையிலே வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்காகப் பல் தேய்த்து வாயைச் சுத்தம் செய்துவிட்ட முதியவர்களிலே நூற்றுக்கு 11 பேருக்கு நிமோனியா. அப்படிச் செய்யாதவர்களிலே நூற்றுக்கு 19 பேருக்கு. இது பயிற்சியைப் பற்றியது இல்லை, சுத்தத்தைப் பற்றியது. நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நாம் பாட்டியின் கட்டிலைத் துடைக்கிறோம், தரையைத் துடைக்கிறோம், பல் செட்டை ராத்திரி கழற்றிக் கழுவுகிறோமா?

ரசஞ்சாதத்துக்கு வருகிறேன். நம்ம வீட்டிலே உடம்புக்கு முடியாதவருக்கு முதலில் கொடுப்பது அதுதான். தொண்டையிலே வழுக்கிக்கொண்டு இறங்கும் என்று நினைக்கிறோம். தளர்ந்த தொண்டைக்கு அதுதான் கஷ்டம். தண்ணி முன்னாலே ஓடிவிடும், பருக்கை பின்னாலே தங்கிவிடும். ஷட்டர் எதற்கு மூடுவது, எதற்குத் திறப்பது என்று திணறும். குழைய மசித்த தயிர் சாதம், கெட்டியான கூழ், இது மெதுவாக ஒரே திரட்டாகப் போகும். அத்தைக்குத் தண்ணியைக்கூடப் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்கச் சொன்னார்கள். யாருக்கு எது என்று டாக்டரும் தெரபிஸ்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் எல்லாவற்றையும் மிக்ஸியிலே அடித்து ஊற்றுவதும் தப்பு. மெல்ல முடிகிறவரை மெல்லவிடாமல் பண்ணினால் இருக்கிற பலமும் போய்விடும். படுக்க வைத்து ஊட்டவே கூடாது. சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால் சாப்பிடுகிறவர் அண்ணாந்து பார்ப்பார். அண்ணாந்தால் காற்று வழி திறந்துகொள்ளும். அதனாலே ஊட்டுகிறவரும் எதிரே உட்கார வேண்டும். ஒரு முக்காலி போதும்.

எதிரணியிலே ஒரு அம்மா, ‘கும்பகோணம் வெற்றிலை போட்டு மென்றால் அதைவிடப் பயிற்சி உண்டா?’ என்றார்கள். வெற்றிலையோடு நிற்காதே அம்மா! பாக்கு வரும், புகையிலை வரும். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி அமைப்பு 2004-இலேயே அறிக்கை போட்டுவிட்டது. சோழநாட்டிலே பிறந்து சீவலைக் குறை சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது!

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, வசதியில்லாத நூற்றைம்பது முதியவர்கள் தங்கும்படி அரசு அமைக்கலாம் என்கிறது. ‘லாம்’. (சிரிப்பு) தமிழாசிரியை, விகுதியைக் கவனிப்பேன். நம்ம மாநிலத்திலே 2021-இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து மருந்தும் பிசியோதெரபியும் கொடுக்கிறார்கள். வருகிறவர்களிடம் கால் மரத்துப்போகிறது, முட்டி வலிக்கிறது என்று சொல்கிறோம். தண்ணி குடித்தால் இருமல் வருகிறது, சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரக்கிறது, காரணமில்லாமல் இளைக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். கேட்டால்தானே வழி காட்டுவார்கள்?

நடுவர்: அம்மா, மணி அடிச்சாச்சு. அத்தை என்ன ஆனாங்கன்னு சொல்லிட்டு முடிங்க. எனக்கே தூக்கம் வராது.

சொல்கிறேன் ஐயா. வாதம் விழுந்ததிலிருந்து அத்தை என்னைக் கூப்பிடும்போது ‘ஆ... ஆ...’ என்றுதான் கூப்பிடுவார். பேர் மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். பயிற்சி தொடங்கி மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலிலே என்னைப் பார்த்ததும் ‘பாப்பா’ என்றார். சின்ன வயதிலிருந்து அவர் என்னைக் கூப்பிடுகிற பேர் அது. மறக்கவே இல்லை. உதடு மூடவில்லை, அவ்வளவுதான். ப சொல்ல உதடு சேர வேண்டுமே. இரண்டு வருஷமாக அவர் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை.

(சபையில் அமைதி. பிறகு கைதட்டல்)

வலது கை கடைசிவரை வரவில்லை. தண்ணிக்குப் பொடி கடைசிவரை தேவைப்பட்டது. நடுவிலே இன்னொரு தடவை காய்ச்சலும் வந்தது, சமாளித்தோம். முழு வாக்கியமாக அத்தை முதலில் பேசியது என்ன தெரியுமா? நிர்வாகியைக் கூப்பிட்டு, ‘சாம்பாரிலே உப்பு இல்லை’ என்றார். (பலத்த சிரிப்பு)

கடைசிப் பொங்கல், 2021. சர்க்கரைப் பொங்கலைக் குழைய மசித்து நானே ஊட்டினேன். இரண்டாவது வாயிலே லேசாகப் புரை ஏறிற்று. நான் பதறிப்போய் நிமிர்த்திப் பிடித்தேன். நன்றாகச் சத்தமாக இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, என் கையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: ‘பதறாத பாப்பா. மகன் நினைக்கிறான்.’

வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டேன். ‘டேய், இப்ப நினைச்சியா?’ என்று கேட்டேன்.

‘பஸ்ஸிலே ஏறிட்டேன். தஞ்சாவூருக்குத்தான் வந்துகிட்டிருக்கேன்’ என்றான்.



(நீண்ட கைதட்டல்)